பூண்டியில் ஒரு கேமரா வழிப்பறி

திருமுருகன்பூண்டியில் பறிகொடுப்பது ஒன்றும் அவமானமில்லை. சுந்தரமூர்த்தி நாயனாரே அங்கேதான் பறிகொடுத்தார்!

சேரமான் பெருமாளைப் பார்த்துவிட்டுப் பொன்னும் பொருளுமாக வந்துகொண்டிருந்தவரை, சிவபெருமான் தன் பூதகணங்களை வேடர் வேஷத்தில் அனுப்பி வழிமறித்து, மூட்டையைப் பிடுங்கச் செய்தார் என்பது தலபுராணம். நாயனார் சும்மா விடுவாரா? நேரே கோயிலுக்குள் போய், இப்படிப்பட்ட ஊரில் உமக்கென்ன வேலை என்று சாமியையே கேட்டுப் பதிகம் பாடினார். பறித்ததெல்லாம் திரும்ப வந்தது. இன்றைக்கும் அதை 'வேடுபறி' என்று விழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

எனக்கும் ஒரு வேடுபறி நடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு கேமரா கடையில். பதினெட்டாயிரம் ரூபாய். 'சார், இருபது மெகாபிக்சல், நாற்பது மடங்கு ஜூம், நிலாவில இருக்கிற பள்ளமே தெரியும்' என்றார் விற்பனைப் பையன். நிலா தெரிந்தது. எதிர்வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை முகம் தெரியவில்லை. திரும்பக் கொண்டுபோய், பதிகம் பாடாத குறையாகக் கெஞ்சினேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டைக் கையால் காட்டினார்கள். நாயனாருக்கு இருந்த செல்வாக்கு நமக்கு ஏது!

அந்த அனுபவத்தால் நான் கேமரா விஷயத்தில் ஒரு நிபுணன் என்று சிநேகிதர்கள் மத்தியில் பெயர் பரவிவிட்டது. (ஏமாந்தவனைத்தானே நாம் நிபுணன் என்கிறோம்.) அதனால்தான் ஒரு திங்கட்கிழமை ராத்திரி திருப்பூரிலிருந்து அந்த போன் வந்தது.

"மாப்ளே, அவசரமா ஒரு கேமரா வாங்கணும். வெள்ளிக்கிழமை காலைல பத்தரைக்குள்ள படம் எடுத்து முடிக்கணும். வா."

பேசியவன் கல்லூரியில் என்னோடு பி.காம். அரியர் எழுதியவன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவனுடைய பெரியப்பா பூண்டியில் சிற்பி. நாற்பது வருஷமாகக் கல் செதுக்குகிறவர். அவர் செய்த சிலைகள் எத்தனையோ ஊர்க் கோயில்களில் மூலவராக உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அவர் வீட்டில் ஒரு நல்ல போட்டோ கிடையாது.

"கோயிலுக்குப் போய் எடுத்துக்கிட்டா என்னடா?" என்றேன்.

"கருவறையில யாருடா எடுக்க விடுவாங்க?"

உண்மைதான். கர்ப்பக்கிரகத்தைப் படம் எடுப்பது முன்பே கூடாது. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனையே தடை செய்யச் சொல்லிவிட்டது. ஆக, ஒரு மூலவர் சிலையை நிதானமாகப் படமெடுக்க உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது பிறந்த பட்டறை. லாரி ஏறிவிட்டால் போச்சு.

பெரியப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமக் கோயிலுக்காகச் செய்துகொண்டிருக்கும் நாலடி அம்மன்தான் அவர் செய்யும் கடைசிப் பெரிய சிலை. வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் லாரி கிளம்புகிறது.

செவ்வாய்க்கிழமை ராத்திரியே திருப்பூரில் இறங்கிவிட்டேன்.

முதல் கேள்வியை அவனே கேட்டான். "என் போன்லயே அம்பது மெகாபிக்சல் இருக்கே, இதுல எடுத்தா ஆகாதா?"

நியாயமான கேள்வி. ஆபீஸ் போய் வருகிற நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு போன் போதும். பிள்ளையின் பிறந்த நாள், ஏற்காடு டூர், ஆட்டோவில் எழுதியிருக்கும் தத்துவம் எல்லாவற்றுக்கும் அதுவே தாராளம். உலகமும் அப்படித்தான் நினைக்கிறது. 2010-இல் ஜப்பான் கம்பெனிகள் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே. போன் தின்றுவிட்டது மீதியை. டிஜிட்டல் கேமராவை 1975-இல் முதன்முதலில் செய்து பார்த்த கோடக் கம்பெனியே 2012-இல் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அந்த முதல் கேமராவில் மொத்தம் பத்தாயிரம் புள்ளிதான். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 நொடி ஆகும். நம்ம ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் அந்த அலையில் கரைந்து போனதுதான்.

ஆனால் சிலைக்கு போன் ஏன் சரிப்படாது என்பதை, பேசுவதைவிடக் காட்டுவது சுலபம். புதன்கிழமை காலையில் அவிநாசி பஸ்ஸைப் பிடித்துப் பூண்டியில் இறங்கினோம்.

இறங்கும்போதே காது முதலில் ஊரை அடையாளம் கண்டுபிடித்துவிடும். டங்... டங்... ரோட்டோரமாகத் தகரக் கொட்டகைகள். உள்ளே பாதி முளைத்த யானைகள், தலை மட்டும் வந்திருக்கும் நந்திகள், இடுப்பு வரை பாறையாகவே இருக்கும் பிள்ளையார்கள். எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பவுடர் போட்டது போலக் கல்தூசி. இப்போது மெஷின் கட்டர்கள் வந்துவிட்டதால் டங் சத்தத்தோடு கிர்ர் சத்தமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பல் டாக்டர் கிளினிக்கை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா எழுந்து வந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. வயசால் எவ்வளவு, தூசியால் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

"வாங்க தம்பி, உக்காருங்க. போட்டோவுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? நெம்ப சிரமமுங்களே!"

அம்மன் மூலையில் நின்றிருந்தாள். நான் ஊருக்குப் புதுசு, கலை தெரியாதவன். ஆனாலும் ஒரு நிமிஷம் வாய் பேசவில்லை. கல்லில் பட்டுப்புடவை மடிப்பு விழுந்திருந்தது சார்!

நண்பன் போனை எடுத்தான். சிலை முழுசாகத் தெரியும்படி கிட்டே போய் க்ளிக். பார்த்தோம். அம்மனுக்கு மூக்கு பெரிசாகி, கால் குச்சியாகிப் போயிருந்தது. போனின் பிரதான லென்ஸ் அகலக்கோணம். கிட்டே போனால் கிட்டே இருப்பதைப் பெரிதாக்கும். தள்ளி நின்று டிஜிட்டல் ஜூம் போட்டால்? அது ஜூமே இல்லை. படத்தின் நடுத்துண்டை வெட்டி ஊதிப் பெரிசாக்குவது. அதற்கு மேல், போனுக்கு அழகுணர்ச்சி வேறு. உளித்தடத்தையெல்லாம் முகப்பரு என்று நினைத்து வழித்துவிட்டது. கல் அம்மன் சோப்பு அம்மன் ஆகிவிட்டாள்.

"வெண்ணெயில செஞ்ச மாதிரி இருக்குதுங்க தம்பி" என்றார் பெரியப்பா, மரியாதையாக.

அன்று மத்தியானமே கோவைக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் பாடம் நடத்தினேன். திருப்பூர்க்காரனுக்குக் கேமராவைச் சொல்லிக் கொடுப்பது மாதிரி சுலபம் எதுவுமில்லை. எல்லாவற்றுக்கும் பனியனில் ஒரு பதில் இருக்கிறது.

மெகாபிக்சல் என்பது நூல் கவுண்ட் மாதிரி. கவுண்ட் அதிகம் என்பதாலேயே சட்டை நல்ல சட்டை ஆகிவிடுமா? 12-க்கு 8 அங்குலப் பிரிண்ட்டுக்கு ஒன்பது மெகாபிக்சல் போதும். 18-க்கு 12 என்று சுவரில் மாட்டுகிற சைஸுக்கே இருபது போதும். இன்றைக்கு விற்கிற பெரும்பாலான கேமராக்களில் அது இருக்கிறது. ஆகவே கடைக்காரர் மெகாபிக்சல் என்று ஆரம்பித்தால், அவர் பேச்சை அங்கேயே நிறுத்தி டீ சொல்லச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியது சென்சார் சைஸ். வெளிச்சம் விழுகிற சில்லு அது. ஃபுல் ஃப்ரேம் என்றால் 36-க்கு 24 மில்லிமீட்டர், பழைய ஃபிலிம் அளவு. அதற்கடுத்தது ஏ.பி.எஸ்.-சி, சுமார் 23-க்கு 15. என்னைக் கவிழ்த்த அந்த நாற்பது மடங்கு ஜூம் கேமராவில் 6-க்கு 4½ மில்லிமீட்டர்தான்! மழைத்தண்ணீர் பிடிக்க அண்டா வைப்பதற்கும் டம்ளர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். வெயிலில் இரண்டும் ஒன்றுதான். சாயங்காலக் கல்யாண மண்டபத்தில்தான் டம்ளரின் சாயம் வெளுக்கும்.

அடுத்தது லென்ஸ். நான் சொல்வேன், பாடியைவிட லென்ஸுக்குத்தான் காசு போட வேண்டும். பாடி நாலு வருஷத்தில் பழசாகும். நல்ல லென்ஸ் இருபது வருஷம் உழைக்கும். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கிற 18-55 லென்ஸ் மோசமில்லை, ஆனால் அதன் வாய் சின்னது. f-க்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எண் குறையக் குறைய வாய் பெரிசு என்று அர்த்தம். (எவன் இப்படித் தலைகீழாக வைத்தானோ!) f 5.6-ஐவிட f 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 50 எம்.எம். f 1.8 என்று பெரும்பாலான கம்பெனிகளில் ஒரு லென்ஸ் உண்டு. லென்ஸ் ஜாதியிலேயே ஏழை வீட்டுப் பிள்ளை, ஆனால் வகுப்பில் முதல் மார்க். ஜூம் கிடையாது. முன்னே பின்னே நாமே நடக்க வேண்டும். தொப்பைக்கும் நல்லது.

"டி.எஸ்.எல்.ஆரா, மிரர்லெஸ்ஸா?" என்றான்.

முன்னதில் உள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழும் குதிக்கும். பின்னதில் அது கிடையாது. கம்பெனிகள் இப்போது புதிதாகக் கொண்டுவருவதெல்லாம் பெரும்பாலும் மிரர்லெஸ்தான். வீடியோவுக்கும் ஓடுகிற பிள்ளைகளுக்கும் அதுதான் ராஜா. புதிதாக வாங்கி, வருஷக்கணக்கில் லென்ஸ் சேர்க்கப் போகிறவர் அதற்கே போகலாம். ஆனால் ஊரே அந்தப் பக்கம் ஓடுவதால், நல்ல டி.எஸ்.எல்.ஆர்கள் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கின்றன. நம் அம்மனோ ஓடப் போவதில்லை. நொடிக்கு இருபது படம் எதற்கு?

ஒரு செகண்ட் ஹேண்ட் 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆரைப் பிடித்தோம். பழைய வண்டிக்குக் கிலோமீட்டர் பார்ப்பது போல இதற்கு 'ஷட்டர் கவுண்ட்' பார்க்க வேண்டும். ஆரம்ப நிலைக் கேமராக்களின் ஷட்டர் சுமாராக ஒரு லட்சம் க்ளிக் தாங்கும் என்பார்கள். இது இருபதாயிரத்துச் சொச்சம். வெள்ளைச் சுவரை f 16-இல் எடுத்துப் பார்த்தோம்; கறுப்புப் புள்ளிகள் வந்தால் சென்சாரில் அழுக்கு. லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். உள்ளே நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. இரண்டும் இல்லை. கேமரா, 50 எம்.எம். லென்ஸ், கனமான ஒரு டிரைபாட், ஒரு மெமரி கார்டு, தூசி ஊதும் ரப்பர் பல்ப். எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள். டிரைபாடில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று சண்டை போட்டேன். ஆயிரம் ரூபாய் டிரைபாட் ஃபேன் காற்றுக்கே டான்ஸ் ஆடும்.

பி.காம். படித்த பாவத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். புதிய டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்து, 2019 ஜனவரியிலிருந்து 18 ஆனது. 'பில் வேண்டாம்னா ஆறாயிரம் குறைச்சுக்கலாம் சார்' என்று காதோடு காதாகச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். பில் இல்லையென்றால் வாரண்டி இல்லை. தொழிலுக்காக வாங்குகிற, ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவருக்கு அந்த வரியைக் கழித்துக்கொள்ளும் வழியும் போய்விடும்.

வியாழக்கிழமை ஒத்திகை. முதல் பத்துப் படமும் கோவிந்தா! கருங்கல் அம்மன் சாம்பலாக வந்தாள்.

காரணம் இதுதான். கேமராவுக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதைச் சராசரிச் சாம்பலாக்கிப் பார்க்கும். கறுப்புச் சிலையைக் காட்டினால், 'ஐயோ, இருட்டு' என்று வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளை பனியனைக் காட்டினால், 'ஐயோ, வெயில்' என்று குறைக்கும். இரண்டும் சாம்பல்! இதற்குத்தான் கேமராவில் ப்ளஸ்-மைனஸ் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. கல்லுக்கு மைனஸ் ஒன்று. பனியனுக்கு ப்ளஸ் ஒன்று. நண்பன் துள்ளிக் குதித்தான். "அடப்பாவி! எங்க கேட்லாக்ல வெள்ளை டி-ஷர்ட்டெல்லாம் துவைக்காத மாதிரி இருக்கறது இதனாலதானா?"

கலர் விஷயத்தில் அவன் எனக்கே பாடம் எடுத்தான். ஒரே துணி ட்யூப்லைட்டில் ஒரு ஷேடு, வெயிலில் வேறு ஷேடு. அதனால்தான் அவர்கள் கம்பெனியில் லைட் பாக்ஸ் வைத்து, டி65 என்கிற பகல் வெளிச்சத்தில் ஷேடு பார்க்கிறார்கள். கேமராவில் 'வொயிட் பேலன்ஸ்' என்று இருப்பது அதே சங்கதிதான். ஆட்டோவில் விடாமல், எந்த வெளிச்சமோ அதைச் சொல்லிவிட வேண்டும். அவன் கேட்ட இன்னொரு சந்தேகம்: ரிப் துணியைப் படமெடுத்தால் மேலே வானவில் மாதிரி அலை அலையாக ஓடுகிறதே, அது கேமரா கோளாறா? கோளாறில்லை. துணியின் வரியும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதிக்கொள்வதால் வருகிற 'மொய்ரே'. ஓரடி முன்னே பின்னே நகர்ந்தாலோ, கோணத்தை மாற்றினாலோ பெரும்பாலும் ஓடிப்போகும்.

பட்டறையில் நான் செய்யவிருந்த ஒரு முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கேயே நின்று லென்ஸைக் கழற்றப் போனேன். பெரியப்பா பதறிவிட்டார்.

"ஏனுங் தம்பி, உள்ள ஏதோ கண்ணாடியாட்ட இருக்குதுங்களே. இந்தத் தூசி எங்க நெஞ்சுக்குள்ளயே போயி உக்காந்துக்குது. அதுக்குள்ள போகாதுங்களா?"

கேமரா புத்தகம் படிக்காதவர் சொன்னது. லென்ஸ் மாற்றுவதென்றால் வெளியே போய், வாய் கீழே பார்க்க வைத்து மாற்ற வேண்டும். பனியன் கம்பெனியின் பஞ்சுத் தூசிக்கும் இதே விதிதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. தகரக் கொட்டகைக்கு ஒரு பக்கம்தான் திறப்பு. சாய்வாக வெளிச்சம் வந்தது. அதுதான் வேண்டும். ஃபிளாஷ் போட்டால் நேருக்கு நேராக அடித்து, கல்லைத் தட்டையாக்கிவிடும். பக்கத்திலிருந்து வந்தால்தான் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் விழும். பின்னால் கருநீலத் துணி, இருட்டுப் பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் துணி. கம்பெனி சாம்பிள் ரூமிலிருந்து நண்பன் அள்ளிக்கொண்டு வந்தது. மார்க்கெட்டில் 'ரிஃப்ளெக்டர்' என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்பதை, திருப்பூர் ஒன்றரை மீட்டர் பனியன் துணியில் முடித்துவிட்டது.

பதினோரடி தள்ளி டிரைபாட். ஐ.எஸ்.ஓ. 100, f 8, ஷட்டர் அரை நொடி. கை படாமல் இருக்க இரண்டு நொடி டைமர். திரையைப் பார்த்தபோது, கேமரா தானாக அம்மன் முகத்தின் மேல் ஒரு கட்டம் போட்டது.

"அதென்னங்க தம்பி கட்டம்?"

"மனுஷ முகம்னு அதுவா கண்டுபிடிச்சிருக்குங்க, பெரியப்பா. அங்கதான் ஃபோகஸ் பண்ணும்."

பெரியவர் கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தார். "இன்னும் கண்ணுகூடத் தெறக்கலீங்களே. அது கோயிலுக்குப் போயித்தான் தெறக்கோணும். அதுக்குள்ள மொகம்னு சொல்லீருச்சுங்களா?" என்றார். பிறகு மெல்ல, யாரிடமும் இல்லாமல், "அப்ப சரியாத்தான் வந்திருக்குது" என்றார்.

ஒன்பதே காலுக்கு லாரி வந்துவிட்டது. வைக்கோல், கயிறு, ஆறு ஆட்கள். ஊர்ப் பெரியவர்கள் மாலையோடு இறங்கினார்கள். முன்னால், பக்கவாட்டில், கை, முடி, பாதம் என்று அறுபது படம் முடிந்திருந்தது. கடைசியாக எடுத்த முகத்தைத் திரையில் பெரிசாக்கி அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உளித்தடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. நெற்றி, மூக்குத்தி, உதடு என்று விரலால் நகர்த்தச் சொன்னார். இடது காதில் வந்ததும், "நிறுத்துங்க" என்றார்.

"என்னாச்சுங்க?"

"தோட்டுக்குக் கீழ ஒரு கொத்து நிக்குது பாருங்க. எங்கண்ணுக்கு இத்தன நாளாத் தெரியாமப் போச்சு."

எனக்கு இப்போதும் தெரியவில்லை. அவர் திரும்பி, மாலைகளுக்கும் கயிறுகளுக்கும் நடுவே புகுந்து, சின்ன உளியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கை நடுங்குகிறதா என்று நண்பன் கிட்டே போய்ப் பார்த்தான். உளி கல்லில் படுகிற வரை நடுங்கியது. பட்டதும் நின்றுவிட்டது.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். மணி ஒன்பதே முக்கால்.

"பத்தரைக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க" என்றார் பெரியப்பா, திரும்பாமலே. "தம்பி, அந்தக் காதை முடிச்சதும் இன்னொருக்கா எடுத்துக் காட்டுங்க."